தலைவர் வீட்டுக்காரர் என்றொரு பாத்திரம்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசுவதற்காக என்னை அழைத்து, சால்வையும் போர்த்திவிட்டீர்கள். ஓய்வு பெற்றவர்களுக்குக் கல்லூரிகள் செய்யும் மரியாதைகளில் இதுதான் மிகச் சிக்கனமானது. இதே சால்வை போன மாதம் விலங்கியல் துறையில் யாருக்காவது போர்த்தப்பட்டிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. மைக் கொடுத்திருக்கிறீர்கள். வேலை பார்த்த காலத்தில் அதுகூட எனக்குக் கிடைத்ததில்லை.

நீங்கள் எல்லோரும் முனைவர் பட்டத்தோடு வந்திருக்கிறீர்கள். மாணவர்களைப் பங்கேற்க வைத்துக் கற்பிப்பது எப்படி என்று என்னைவிட அழகாகப் பேசுவீர்கள், திரையில் அம்புக்குறி போட்டும் காட்டுவீர்கள். ஆகவே அதை நான் சொல்லப்போவதில்லை. வகுப்பில் அவர்கள் உண்மையாகவே பங்கேற்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பயிற்சி வகுப்பில் ஸ்லைடு கிடையாது.

தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தெரிந்தால் நம் கல்லூரியில் இரண்டு வேலைகள் நடக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டும் ஒரே ஆழத்துக்குத்தான் உள்ளே போகும். அந்த வருடமும் அப்படித்தான், வெள்ளையடிக்க ஆள் வந்த வாரமே சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரும் வந்தார். முதல் ஐந்து நிமிடம் எங்களுக்குக் குடவோலை முறையைப் பற்றி விளக்கினார். உத்திரமேரூருக்கு வந்து, உத்திரமேரூர்க்காரர்களுக்கே குடவோலையைச் சொல்லித்தராமல் திரும்பிய விருந்தினரை நான் இதுவரை பார்த்ததில்லை. பிறகு எங்கள் மாணவர்களையும் கம்ப்யூட்டர் லேபுக்கு வரவழைத்துத் தன் சிமுலேஷனைத் திறந்தார். கற்பனையாக ஒரு நாடு, மாணவர்தான் அதன் பிரதமர். கல்வி, மருத்துவம், போலீஸ், விளம்பரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. அதை இழுத்தால் நிதி கூடும், குறையும். கடைசியில் ஆட்சி நிலைத்தால் வெற்றி.

தென்னேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் தினேஷ் என்ற மாணவன்தான் முதலில் ஜெயித்தான். கல்வியையும் மருத்துவத்தையும் அடியோடு இறக்கி, போலீஸையும் விளம்பரத்தையும் உச்சிக்கு ஏற்றியிருந்தான். திரை பச்சையாக மின்னியது. பயிற்சியாளர் கைதட்டி அவனுக்கு ஒரு காபி கப் பரிசளித்தார். தினேஷ் அதை வாங்கிக்கொண்டு, "சார், இந்த நாட்ல ஜனங்க எங்க கீறாங்க? ஒருத்தரும் வந்து இன்னான்னு கேக்கவே இல்லியே" என்றான். அடுத்த வெர்ஷனில் வருவார்கள் என்றார் பயிற்சியாளர். அதற்குள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அது எங்கள் கல்லூரியின் நிலையான கொள்கை.

ஜனங்கள் வரும் வெர்ஷனை நானே செய்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட், கொஞ்சம் துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். வகுப்பறை ஒரு கற்பனை ஊரின் கிராம சபை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பாத்திரம்: ஊராட்சித் தலைவர், செயலர், ஏரிப் பாசன விவசாயி, கல்குவாரி முதலாளி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், வேலையில்லாப் பட்டதாரி. பக்கெட்டுக்குள் கைவிட்டு எது வருகிறதோ, அந்த மாதம் முழுக்க நீங்கள் அவர்தான். மாற்றிக்கொள்ள முடியாது. அறிக்கையில் இதற்குப் 'பாவனைப் பயிற்சி' என்று பெயர். மாணவர்கள் 'ஆட்டம்' என்றார்கள்.

அந்தச் சீட்டுகளில் 'தலைவரின் கணவர்' என்றும் ஒன்று எழுதிப் போட்டேன். சட்டத்தில் அப்படியொரு பதவி கிடையாது. நாற்காலியில் மட்டும் உண்டு. அவர் இல்லாமல் எங்கள் பக்கத்துக் கிராம சபை ஒன்றை நடத்தினால் மாணவர்களே நம்பமாட்டார்கள்.

பவித்ரா என்ற பெண்ணுக்குத் தலைவர் சீட்டு வந்தது. வகுப்பில் நாங்கள் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் எழுந்திருக்காத ரகம் அவள். சாலவாக்கம் பக்கம் ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் 'எங்களைத்தானே சொல்றீங்க' என்று வருவார்கள். அந்த ஊரின் ஊராட்சித் தலைவர் பவித்ராவின் அம்மா. ஊராட்சியை நடத்துபவர் அவள் அப்பா ஏகாம்பரம். கணவர் சீட்டு தினேஷுக்கு வந்தது.

இது தெரிந்தும் அப்படியொரு சீட்டைப் போடலாமா என்று பிற்பாடு சக ஆசிரியர்கள் கேட்டார்கள். தலைவர் மகள் இருக்கிறாள் என்று ஊராட்சியை விட்டுவிட்டால், கவுன்சிலர் மகனுக்காகப் பேரூராட்சியை விடவேண்டும், வட்டாட்சியர் மருமகளுக்காக வருவாய்த்துறையை விடவேண்டும். கடைசியில் அரசியல் அறிவியலில் பண்டைய கிரேக்கத்தை மட்டும் நடத்திக்கொண்டிருக்கலாம். கிரேக்கர்கள் யாரும் எங்கள் கல்லூரியில் சேர்வதில்லை.

முதல் கூட்டத்தில் தினேஷ் அமர்க்களப்படுத்தினான். தலைவர் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டு, "அவங்க கையெழுத்துப் போடுவாங்க, பேசறது நானு" என்றான். வகுப்பே சிரித்தது. பவித்ராவும் ஓரமாக நின்று கொஞ்சம் சிரித்தாள்.

இரண்டாவது கூட்டத்துக்கு அவள் முன்கூட்டியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தினேஷ் வந்து பக்கத்தில் நின்று, எழுந்திருக்கச் சொல்லிக் கை காட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்க இந்த ஊர்ல ஒரு ஓட்டு. அங்க போயி ஜனங்களோட குந்துங்க. கை தூக்குனா பேச வுடறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலத்துக்குள் அது சாலவாக்கம் பக்கம் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. ஏரியில் தண்ணீர் வரத்து பற்றிய அறிவிப்பு இந்த வேகத்தில் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு பவித்ரா வகுப்புக்கு வரவில்லை. அவள் தோழியை விசாரித்தேன். "படிச்சது போதும்னு அவங்க அப்பா சொல்லிட்டாராம் மேடம். மாப்ள பாக்கறாங்களாம்" என்றாள்.

அடுத்த வாரம் பிரின்சிபால் அறையிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் பிரின்சிபால் நல்ல மனிதர். யாருடனும் அவருக்குக் கருத்து வேறுபாடு கிடையாது, ஏனென்றால் கருத்து கிடையாது. அவருக்கு எதிரே வெள்ளைச் சட்டையில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடன் வந்த இருவர் நின்றார்கள். குழு வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பீங்கான் கோப்பையில் அவருக்கு டீ கொடுத்திருந்தார்கள். வராந்தாவில் பையை மார்போடு அணைத்தபடி பவித்ரா நின்றிருந்தாள். டி.சி. வாங்கிப்போக அழைத்து வந்திருந்தார்.

நான் உள்ளே வந்த பிறகும் அவர் பிரின்சிபாலிடமே பேசினார்.

"பாடம் எடுக்கச் சொன்னா டிராமா போட்டுக்கினு கீறாங்க சார். எம் பொண்ண வச்சி என்னியே கிண்டல் பண்றாங்க. டீக்கடைல போயி நின்னா, 'அண்ணே, ஜனங்களோட குந்துங்க'ன்றான். ஊர்ல தல காட்ட முடியல. பெரிய பேஜாரா கீது. இந்தம்மா கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கணும். பொண்ணு டி.சி.ய குடுத்துடுங்க."

"கேட்டுருவாங்க. மேடம் வருத்தம் தெரிவிச்சுருவாங்க" என்றார் பிரின்சிபால், என் பக்கம் திரும்பாமலேயே. அந்த அறையில் எனக்காகப் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்கூட இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், உங்களுக்கும் இந்த இடம் வரும் என்பதால். நான் மன்னிப்புக் கேட்டால் பவித்ரா செய்தது குற்றம் என்று ஆகிவிடும். கேட்கமாட்டேன் என்று நிமிர்ந்து நின்றால் என் கௌரவம் மிஞ்சும், அவளுக்கு டி.சி. மிஞ்சும். கொள்கைப் பிடிப்போடு நிற்பது சுலபம். அதற்கான விலையை இன்னொருத்தி கொடுக்கும்போது இன்னும் சுலபம். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பேசுவதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அது வந்தது.

"அதுவும் தப்பு தப்பா பண்றாங்க சார். அஜெண்டா படிக்காம கிராம சபைல தீர்மானம் போடுவாங்களா? வரவேண்டிய ஜனம் வந்துச்சா, கோரம் கீதா இல்லியான்னு பாக்கவே இல்ல. செக்கரட்டரி இன்னாடான்னா தலைவருக்கு முன்னாடி குந்திக்கினு கீறான். நல்லா பாத்தேன் நானு."

நல்லா பாத்தேன். அந்த வீடியோவை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவமானப்பட்ட மனிதருக்குச் செயலர் எங்கே உட்கார்ந்தான் என்பது கண்ணில் படாது. மதிப்பெண் குறைக்கும் வாத்தியாருக்குத்தான் படும்.

"நீங்க சொல்றது சரிதான் சார். எங்களுக்கு நடைமுறை தெரியல" என்றேன். "இப்ப அதே வகுப்புதான் நடக்கப்போகுது. வந்து நீங்களே சரிபண்ணிக் குடுங்க. நான் சொல்லவேண்டியதையும் அங்கேயே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

பிரின்சிபால் கண்ணால் வேண்டாம் என்றார். ஏகாம்பரம் முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"எத்தினி கிராம சபை நடத்திக்கீறேன் தெரியுமா மேடம்?"

"தெரியும் சார். அதனாலதான் கூப்பிடறேன்."

தலைவர் தன் மனைவிதான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வராந்தாவில் பவித்ராவைக் கடக்கும்போது, "டி.சி. இன்னும் எழுதலை. அதுவரைக்கும் நீ என் மாணவி. உன் நாற்காலி காலியா இருக்கு" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அதற்குள் வகுப்பறை வாசலை நெருங்கியிருந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.

ஏகாம்பரத்தைக் கண்டதும் தினேஷ் முகம் வெளுத்தது. என்னிடம் வந்து, "மேடம், எனக்கு வயிறு சரியில்ல, வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்று கிசுகிசுத்தான். வயிறு மதியத்துக்குள் சரியாகிவிடும், போய் ஒழுங்காக நடி என்றேன்.

முதலில் என் மன்னிப்பு. "கிராம சபையின் நடைமுறை தெரியாமல் தவறாக நடத்திவிட்டோம். அதற்கு வருந்துகிறேன். சார் திருத்திக்கொடுப்பார்" என்றேன். எதற்கு வருந்தினேன் என்பதைக் கவனித்தீர்களா? ஏகாம்பரம் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே செயலரை இடம் மாற்றி உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், மனிதர் அருமையாகச் சொல்லிக்கொடுத்தார். அஜெண்டாவை எப்படிப் படிப்பது, கோரம் இல்லாவிட்டால் என்ன செய்வது, சத்தம் போடுபவனை எப்படி உட்காரவைப்பது. மாணவர்கள் என் வகுப்பில் எழுதாத வேகத்தில் எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு மிச்சச் சீட்டுகள் கிடந்த பக்கெட்டை நீட்டினேன். "சபையில் இருக்கிற எல்லாரும் ஒரு சீட்டு எடுக்கணும் சார், விதி." அவர் சிரித்துக்கொண்டே எடுத்துப் பிரித்தார். 'கடைசித் தெருவிலிருந்து குடிநீர்க் குழாய் கேட்டு வந்திருக்கும் பெண்.'

"பொம்பள வேசமா எனக்கு?" கூட வந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மாத்திக் குடுங்க மேடம்."

"மாத்த முடியாது சார். யாருக்குமே மாத்தலை."

போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து, தோளில் இல்லாத முந்தானையை இழுத்துச் செருகி, கீச்சுக் குரலில், "தலைவரம்மா, எங்க தெருவுக்குக் கொழா வேணும்மா" என்றார். வகுப்பு சிரித்தது. தினேஷும் சிரித்துவிட்டு, சீட்டில் எழுதியிருந்ததை நினைவுபடுத்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"இன்னா விசயம், எங்கிட்ட சொல்லு."

"தலைவர்கிட்ட பேசிக்கினு கீறேன்."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

ஏகாம்பரத்தின் குரலிலிருந்து கீச்சு போய்விட்டது. "நீ யாருடா நடுவுல?"

தினேஷ் கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சொன்னான்: "தலைவரோட வூட்டுக்காரர்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட வந்த இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் இந்த ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பவித்ரா பேசிவிட்டாள். அவளுக்கு எதிரே நின்றது சீட்டின்படி ஒரு பெண். ஆகவே அப்படியே கூப்பிட்டாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நான் கேக்கறேன்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல, ஒரே மூச்சில் சொன்னார்.

"கொழா போட்டீங்க, எங்க தெரு முனையோட நிறுத்திட்டீங்க. கேட்டா பிரஷர் இல்லன்றீங்க. அந்தாண்ட வூட்ல மோட்டார் வச்சி இழுக்கறான், அவனுக்கு மட்டும் பிரஷர் எங்கேந்து வருது? காலைல புள்ளிங்களுக்கு நாஷ்டா செய்றதா, கொடத்தத் தூக்கினு ரோட்டத் தாண்டறதா? கல்லு லாரி போற ரோடு. அன்னிக்கி ஒரு புள்ள கொடத்தோட வுழுந்துச்சி. லாரிக்காரன் பிரேக் போட்டான், பொழச்சிது. செத்தாதான் வருவீங்களா?"

"யார்கிட்ட கேட்டீங்கம்மா இத்தினி நாளா?" என்றாள் பவித்ரா.

அவர் தினேஷைப் பார்த்தார். தினேஷ் தரையைப் பார்த்தான்.

"தலைவர் வூட்டுக்காரர்கிட்ட" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இளம் நண்பர்களே, என் பணிக்காலத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அடுத்த சில நிமிடங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான். தொண்டை வரை வந்துவிட்டது: உள்ளாட்சியில் பெண்கள், சட்டத் திருத்தம், அதிகாரப் பகிர்வு, போன வருடக் கேள்வித்தாளில் பத்து மதிப்பெண். அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் அது பாடமாகியிருக்கும். பாடமாகியிருந்தால் அவர் தப்பித்திருப்பார், எழுந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அமைதியைக் கண்டால் அதை விளக்கவுரையால் நிரப்பும் வியாதி நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. சமூகத்துக்கே தெரிந்ததைச் சமூக அறிவியல் என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்கிற கூச்சம்தான் நம்மை அப்படிப் பேச வைக்கிறது என்று நினைக்கிறேன். பவித்ரா செயலரிடம், இதை அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் முதலாவதாக எழுதச் சொன்னாள். அவன் எழுதினான். மணி அடித்தது.

வெளியே வந்த ஏகாம்பரம் டி.சி. பற்றிப் பேசவில்லை. "அந்தப் பையன் நல்லாதான் பண்றான் மேடம். கொஞ்சம் ஓவரா பண்றான்" என்றார்.

"உங்க வீட்டுப் பக்கம் அவன் வந்ததே இல்லை சார்" என்றேன். அவர் வண்டியில் ஏறினார். பவித்ராவை ஏறச் சொல்லவில்லை. அவள் மீதி வகுப்புகளையும் முடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் போனாள்.

மன்னிப்புக் கேட்டீர்களா என்றார் பிரின்சிபால். கேட்டேன் சார் என்றேன். அவருக்குத் திருப்தி.

மாப்பிள்ளை பார்ப்பது நின்றது. பவித்ரா பட்டம் வாங்கினாள், இப்போது காஞ்சிபுரத்தில் பி.எட். படிக்கிறாள். ஏகாம்பரம் திருந்திவிட்டார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு துண்டுச்சீட்டில் மனிதர்கள் திருந்துவார்கள் என்றால் நாட்டுக்கு ஒரு பக்கெட் போதும். கடைசித் தெருவில் பாதிவரை குழாய் போயிருக்கிறது. மீதிப் பாதிக்கு நிதி வரவேண்டுமாம்.

ஆனால் அந்த வகுப்புக்குச் சில நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், பவித்ரா அம்மா பேசறேன்." ஊராட்சித் தலைவர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. "எங்க வூட்டுக்காரர் அன்னிக்கி அங்க இன்னா பேசினாருன்னு கேக்கலாம்னு. பொண்ணு சொல்ல மாட்டேன்றா. அவரும் வாயத் தொறக்கல."

நினைவில் இருந்தபடி சொன்னேன். குழாய், பிரஷர், மோட்டார், நாஷ்டா, லாரி.

"செத்தாதான் வருவீங்களான்னு சொன்னாரா?"

"சொன்னார்மா."

"அது நான் சொன்னது மேடம். அந்தத் தெரு பொம்பளைங்க எங்கிட்ட வந்து சொல்லி, நான் அவருகிட்ட சொன்னது. ஒருவாட்டி இல்ல. சோறு போடும்போது சொல்லுவேன். டிவிய பாத்துக்கினே துன்னுவாரு. காதுலயே வுழலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எல்லாம் வுழுந்துதான் கீது."

அது ஆறுதலா கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து வந்த சுதந்திர தினக் கிராம சபையில் அந்த ஊரின் தலைவர் நாற்காலியில் தலைவரே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்கு, கீழே ஜனங்கள் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இந்த மாற்றத்துக்குக் காரணம் எங்கள் கல்லூரியின் புதுமையான கற்பித்தல் முறை என்று தரமதிப்பீட்டு அறிக்கையில் பிரின்சிபால் படத்தோடு பதிவாகியிருக்கிறது. அந்தம்மாவை யாரும் கேட்கவில்லை.